நாலு டிகிரியில் ஒரு சேவல்

அத்தியாயம் 4

"சர்வரைக் காணவில்லை" என்று ஒருவர் பதறிக்கொண்டு வந்தால், எந்த ஹோட்டலில் என்றுதான் கேட்கத் தோன்றும். துப்பறிவாளரின் உதவியாளர் ரேடியோவும் போன செவ்வாய்க்கிழமை அதையேதான் கேட்டாள்.

வந்தவர் சிரிக்கவில்லை. நாற்பது வருடம் விமான நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விமானம் ஆறு மணி நேரம் தாமதம் என்று சொல்லும்போதுகூடக் குரல் பிசகாத மனிதர்.

"கவனிக்கவும். இது சாப்பாட்டு விஷயம் அல்ல. நாற்பத்தேழு சேவல்களின் உயிர்" என்றார்.

அது நடந்து ஆறு நாள் ஆகிவிட்டது. இன்றைக்குத் திங்கட்கிழமை. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில், துப்பறிவாளரின் மேஜை நடுவே ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. அந்த அறிவிப்பாளர்தான் தன்னுடையதைச் சாட்சிக்காக விட்டுவிட்டுப் போயிருந்தார். சேவல் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவர் அவர்.

சேவல் என்பது கட்டில் பக்கத்தில் வைக்கிற அலாரம் கடிகாரம். சோப்பு டப்பா இரண்டை ஒட்டினாற்போன்ற அளவு. மேலே மெத்தென்று ஒரு தோலுறை, முன்னால் சின்னத் திரை. இன்டர்நெட்டோடு பேசும், மணி சொல்லும், வெயில் எத்தனை டிகிரி என்று காட்டும், மற்றச் சேவல்காரர்கள் எழுதுகிற ஒரு வரிச் சேதியைக் காட்டும், எழுப்பும். தலையில் ஒரு அமுக்கு அமுக்கினால் வாயை மூடிக்கொள்ளும். செய்து விற்ற கம்பெனி எட்டு வருடம் முன்பு இழுத்து மூடப்பட்டது. எல்லாச் சேவல்களையும் ஆட்டிவைத்த சர்வர் என்கிற தலைமைக் கம்ப்யூட்டரை அவர்கள் அணைத்த அன்று, உலகத்திலிருந்த அத்தனை சேவலும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டன. விவரமானவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கடிகாரம் வாங்கினார்கள். மீதி நாற்பத்தேழு பேர் சங்கம் ஆரம்பித்தார்கள்.

அந்தச் சங்கத்தில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டே பழகிய கை. வீட்டுப் பின்னறையில் ஒரு கறுப்புப் பெட்டியை உட்காரவைத்து, தானே ஒரு சர்வர் செய்து, நாற்பத்தேழு சேவல்களையும் மறுபடி கண் திறக்க வைத்துவிட்டார். வெயில் விவரம் தருகிற ஆள்தான் கிடைக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு நீள வயரை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதன் நுனியில் ஒரு வெப்பமானியைக் கட்டினார். அன்று முதல் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற சேவலும் அவர் வீட்டு ஜன்னல் வெயிலையே காட்டியது. பனி கொட்டுகிற நாட்டு உறுப்பினர்கூட 'முப்பத்தாறு டிகிரி' என்று பார்த்துவிட்டுத்தான் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். எட்டு வருடத்தில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அந்தப் பெட்டிதான் போன திங்கட்கிழமை மாயமாகிவிட்டது. வயரோடு, வெப்பமானியோடு. சேவல்கள் மறுபடி கண்ணை மூடின. ஆனால் புதன்கிழமை காலையில், யாரும் எதிர்பார்க்காத விதமாக, எல்லாம் சேர்ந்து விழித்துக்கொண்டன. பெட்டியை யாரோ எங்கேயோ மாட்டி ஓட்டுகிறார்கள். எங்கே என்பதுதான் கேள்வி. அதைப் பற்றிச் சேவல்கள் ஒரே ஒரு தகவல்தான் சொல்லின: நாலு டிகிரி.

"சார், நாலு நாளா இதுக்கு நர்ஸ் வேலை பாத்திருக்கேன்" என்று ரேடியோ ஒரு நோட்டை மேஜையில் போட்டாள். "டெம்பரேச்சர் ஏறும்போதெல்லாம் எழுதியாச்சு. வீட்டுக்கும் எடுத்துட்டுப் போனேன். காலைல அஞ்சரைக்கு எழுப்பிவிட்டுது. என் வாழ்க்கைல அஞ்சரைன்னு ஒண்ணு சாயங்காலம் மட்டும்தான் வரும்னு நினைச்சிட்டிருந்தேன்."

ரேடியோவுக்கு முப்பத்திரண்டு வயது. பேச்சு நிற்காததால் வந்த பெயர். முன்பு ஒரு கால் சென்டரில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மன்னிப்புக் கேட்கும் வேலை. அதை விட்டபிறகு அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

துப்பறிவாளர் நோட்டைப் புரட்டினார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு விசாரணை பார்த்தவர். எரிகிற கடையைக் காட்டினால் தண்ணீரைத் தேடமாட்டார், பாலிசி எடுத்த தேதியைத் தேடுவார்.

"நாலு டிகிரின்னா என்ன?" என்றார்.

"ஃப்ரிட்ஜ்."

"காலைல ஒன்பதுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் நாலு ஆறாகுது, ஏழாகுது, திரும்ப நாலுக்கு வருது. ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் அசையல. நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் மறுபடி ஆட்டம்."

"யாரோ கதவைத் திறந்து திறந்து மூடறாங்க. எங்கம்மாகூட இப்படித்தான் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பாப்பாங்க. உள்ள ஒண்ணும் இருக்காது. ஒரு நம்பிக்கைதான்."

"உங்கம்மா ஞாயித்துக்கிழமை லீவு விடுவாங்களா?"

ரேடியோ நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் காலை முதல் மாலை வரை ஒரே எண். அவளே எழுதியதுதான்.

"கடை!" என்றாள்.

"மத்தியானம் மூடற கடை. மருந்துக்கடை மத்தியானம் மூடாது. ஐஸ்க்ரீம் கடைன்னா பூஜ்யத்துக்குக் கீழ போகும். இப்போ இதைப் பாரு. வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணி. பதினொரு டிகிரி வரைக்கும் ஏறியிருக்கு, இருபது நிமிஷம் இறங்கவே இல்ல."

"கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கிட்டாங்களா?"

"சரக்கு இறக்கியிருக்காங்க. கடை திறக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி. ஆள் உள்ள நடமாடற அளவுக்குக் குளிர் ரூம், வெள்ளிக்கிழமை விடியும்போதே சரக்கு வந்தாகணும்."

"வாரக் கடைசின்னா கல்யாணம்!" என்று ரேடியோ எழுந்தே நின்றுவிட்டாள். "பூக்கடை சார்!"

துப்பறிவாளர் தலையை ஆட்டினார். பாராட்டில் அவருடைய உச்சபட்ச அளவு அது.

"ஊர்ல குளிர் ரூம் வச்ச பூக்கடை எப்படியும் ஏழெட்டு இருக்கும். எல்லாத்துக்கும் நடக்கணுமா?"

"வேண்டாம். லிஃப்ட்காரர் வீட்டுக்குப் போவோம்."

"அங்க செவ்வாய்க்கிழமையே போய்ப் பாத்தாச்சே."

"பாத்தோம். என்ன பாத்தே?"

"பூட்டு உடையல. லாப்டாப் இருக்கு, டூல்பாக்ஸ் இருக்கு. பெட்டி மட்டும் போயிருக்கு. பெட்டி இருந்த எடம் சுத்தமா…" ரேடியோவின் பேச்சு நின்றது. மாதத்தில் ஒரு தடவை நடக்கிற சங்கதி. "ஐயோ, ஆமா சார். அலமாரி முழுக்கத் தூசி. பெட்டி இருந்த எடத்துல மட்டும் துணி வச்சுத் துடைச்சிருந்துது."

"எந்தத் திருடன் துடைச்சுட்டுப் போவான்?" என்றபடி துப்பறிவாளர் சட்டைப் பையில் பேனாவைக் குத்தினார்.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

"டாக்டர் வீட்டுலதான் மாத்திரை இருக்காது" என்று மூச்சு வாங்கிக்கொண்டே ரேடியோ அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. போன வருடம் வரை பள்ளிக்கூட நூலகர். கூடத்துச் சுவர் முழுக்கப் புத்தகங்கள், முதுகெல்லாம் ஒரே கோட்டில். உட்காரச் சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே ஒரு புத்தகத்தை எடுத்தார், அது இருந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் ஒரு இழுப்பு இழுத்தார், புத்தகத்தைத் திரும்ப வைத்தார். அவருக்கே தெரியாமல் கை செய்கிற வேலை.

ரேடியோ துப்பறிவாளரைப் பார்த்தாள். துப்பறிவாளர் கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

லிஃப்ட் மெக்கானிக் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பறிகொடுத்தவர் உட்காருகிற தோரணை. தோள் தொங்கியிருந்தது, பார்வை வெளியே எங்கேயோ. ஆனால் செவ்வாய்க்கிழமை பார்த்தபோது கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு இப்போது இல்லை. கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது.

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?" என்றார். "போனது போகட்டும். நான் தலைவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அது இன்டர்நெட்ல எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க முடியாதா?" என்று துப்பறிவாளர் கேட்டார். "பெட்டியைச் செஞ்சது நீங்க."

"அதெல்லாம் முடியாதுங்க." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. அவர் எடுத்து, கடல் கடந்த யாரோ ஒருவரிடம், ஏழு நிமிஷம் லேட்டாகக் கூவினால் எந்தப் பட்டனை எத்தனை விநாடி அமுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் நூலகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பெட்டி காணாமப் போயும் போன் காணாமப் போகலை பாருங்க" என்றார் ரேடியோவிடம், தாழ்ந்த குரலில். "எட்டு வருஷமா இதான். நாப்பத்தேழு பேரு, ஆளுக்கு ஒரு நாடு. ஒருத்தருக்கு விடியும்போது இன்னொருத்தருக்குப் பொழுது சாயும். இவருக்கு மட்டும் எப்பவும் விடிஞ்சுக்கிட்டே இருக்கும். அடிச்சா எடுக்கணும்."

"நீங்க வெளியூர் எங்கயும் போனதில்லையா?"

"மகளுக்குக் கொழந்தை பொறந்து எட்டு மாசமாச்சும்மா. ரெண்டு நாள் ரயில். இன்னும் நேர்ல பாக்கலை. பெட்டியை விட்டுட்டு எப்படி வர்றதும்பார். அடுத்த மாசம், அடுத்த மாசம். கொழந்தை உக்கார ஆரம்பிச்சாச்சு, தவழ ஆரம்பிச்சாச்சு. எல்லாம் போன்லயே பாத்தாச்சு. அது என்னை ஒரு போனுன்னே நினைச்சிட்டிருக்கும்."

ரேடியோவுக்கு உடனே பதில் எதுவும் வரவில்லை. மாதத்தில் இரண்டாவது தடவை.

"தனியாப் போயிட்டு வரலாமே" என்றார் துப்பறிவாளர்.

"போறதுன்னா ரெண்டு பேரும். இல்லன்னா ரெண்டு பேரும் இல்ல. சொல்லிட்டேன்."

மேஜை மேல் ஒரு கண்ணாடி ஜாடியில் ரோஜாக்கள். நாலைந்து நாள் ஆனவை, ஆனாலும் வாடாதவை. துப்பறிவாளர் அவற்றையே பார்த்தார்.

"நல்ல பூ."

"என் தங்கச்சி கடைல வாங்கினது." நூலகரின் முகம் சட்டென்று இளகியது. "புதன்கிழமை இவர் போய் வாங்கிட்டு வந்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவை. அவ்ளோ துக்கத்துல இருக்கற மனுஷனுக்குப் பூ வாங்கத் தோணியிருக்கு பாருங்க."

லிஃப்ட் மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே இன்னும் தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கிளம்பும்போது துப்பறிவாளர் கை கழுவ வேண்டும் என்று உள்ளே போனார். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலோரம் ஸ்டூலில் லிஃப்ட் மெக்கானிக்கின் சேவல். சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

தெருவுக்கு வந்ததும் ரேடியோ வெடித்தாள். "கேஸ் முடிஞ்சுது சார்! அந்தம்மாதான். எடுத்துத் தங்கச்சி கடைல ஒளிச்சு வச்சிருக்காங்க. தூசி துடைச்சது அவங்க கைதான். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அவங்கதான்."

"சரி. ஒளிச்சு வைக்கறவங்க எதுக்குக் கரண்ட்ல மாட்டி ஓட விடணும்?"

ரேடியோ நடையை நிறுத்தினாள்.

"வா. தங்கச்சியைக் கேப்போம்."

பூக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்த பெண்மணி ஒருத்தர் தண்டுகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் மூக்கு, அக்காவின் நெற்றி. துப்பறிவாளர் கையோடு கொண்டுவந்திருந்த தலைவரின் சேவலைக் கல்லாவின் மேல் வைத்தார். அது நாலு டிகிரி என்றது.

"உங்க குளிர் ரூம் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கறீங்களா?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கதவைத் திறந்தார். மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். ஐந்து. ஆறு. எட்டு.

"கடவுளே!" என்றார் தங்கை. "இது காட்டிக் கொடுக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

உள்ளே லில்லி வாளிகளுக்கும் ரோஜா வாளிகளுக்கும் நடுவே, ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் சர்வர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேலே ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை. அதில் காற்றுக்காக வரிசையாக ஓட்டைகள். பெட்டியின் பக்கவாட்டில் லிஃப்ட் மெக்கானிக்கின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'குளிர்ச்சியான இடத்தில் மட்டும் வைக்கவும்.'

"எழுதியிருந்ததைத்தான் செஞ்சேன்" என்றார் தங்கை பரிதாபமாக.

ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

"அக்கா திங்கட்கிழமை புத்தகப் பைல போட்டு எடுத்துட்டு வந்தா. பத்து நாள் ஒளிச்சு வை, எதுலயும் மாட்டாதேன்னா. பெட்டி இல்லன்னா அவர் கிளம்பிடுவார், மகளைப் பாத்துட்டு வந்து நானே எடுத்து வச்சிடறேன்னா. எனக்கும் நியாயமாத்தான் பட்டுது. ஒரு நாள் பொறுத்தேன். புதன்கிழமை காலைல முடியலை. பில் மெஷினோட இன்டர்நெட் வயரை இழுத்து மாட்டிட்டேன்."

"ஏன்?"

தங்கை மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே, மடித்த துண்டின் மேல், ஒரு சேவல்.

"அக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா. அவளுக்கு இந்தக் கடிகாரத்தைக் கண்டாலே ஆகாது. நான் தனி ஆள் சார். பூ ஏலத்துக்குத் தினம் விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். இதுல சங்கத்துக்காரங்க யாராவது ஒரு வரி எழுதியிருப்பாங்க. எழுந்தாச்சா, எங்க ஊர்ல மழைன்னு. யாரு எவருன்னு தெரியாது. ஆனா நான் கண்ணு முழிக்கும்போது யாரோ ஒருத்தர் கேட்டிருப்பாங்க, எழுந்தாச்சான்னு. ரெண்டு நாள் அது இல்லாம…" அவர் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சங்கத்துல என் பேரு வால்நட்சத்திரம்."

ரேடியோ சட்டென்று திரும்பினாள். "நீங்களா அது? திருடனை லிஃப்ட்டுல போட்டுப் பத்து நாள் பூட்டி வைக்கணும்னு எழுதினது?"

"எல்லாரும் கோவமா எழுதினாங்க. நான் மட்டும் எழுதலைன்னா சந்தேகம் வருமே!"

"அப்போ எல்லாம் சரியாயிடுச்சு சார்" என்று ரேடியோ விரல் மடக்கினாள். "எடுத்தது அக்கா, மாட்டினது தங்கச்சி. அக்கா புருஷனை ஏமாத்த, தங்கச்சி அக்காவை ஏமாத்தியிருக்காங்க. குடும்பம்னா இப்படித்தான் இருக்கணும்."

துப்பறிவாளர் குனிந்து அந்தப் பிளாஸ்டிக் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. வயரை மூன்று இடத்தில் சிறிய கறுப்புக் கட்டுகளால் சுவரோடு இழுத்துக் கட்டியிருந்தது.

"இதை நீங்க போட்டீங்களா?"

"உறையா? இல்லையே. அக்கா வந்து போட்டிருப்பான்னு நினைச்சேன். நான் மாட்டினது தெரிஞ்சுடுச்சோன்னு பயந்து கேக்கவே இல்ல."

"புதன்கிழமை யாராவது இந்த ரூமுக்குள்ள வந்தாங்களா?"

"யாரும் இல்லையே. மாமா மட்டும்தான் வந்தார். அக்காவுக்கு ரோஜா வேணும், நானே பாத்து எடுத்துக்கறேன்னு உள்ள போனார். பெட்டியைப் பாத்துடுவாரேன்னு எனக்குக் கை கால் ஓடலை. லில்லி வாளியை முன்னாடி நகர்த்தி வச்சிருந்தேன், மறைஞ்சிருக்கும்னு நினைச்சேன். அரை மணி நேரம் உள்ளயே இருந்தார். ஒண்ணுமே கேக்கலை. பூவை எடுத்துட்டு, குளிருதும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டார்." சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வார்த்தையில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் ரேடியோ.

"அந்த வெப்பமானியைக் கட்டினவர் அவர். நாலு டிகிரின்னா என்னன்னு புரிய நமக்கு நாலு நாளாச்சு. அவருக்கு நாலு நிமிஷம் ஆகியிருக்காது. கண்டுபிடிக்கவே முடியாதுன்னு நம்மகிட்ட சொன்னாரே, அப்பவே சந்தேகப்பட்டேன். வீட்டுல கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வச்சிருக்கார், அந்தம்மா கண்ணுல நாலு டிகிரி பட்டுடக் கூடாதுன்னு. பூ வாங்கின நாளும் சரியா இருக்கு."

"தெரிஞ்சுமா ஒரு வாரமாத் துக்கம் கொண்டாடினார்? எதுக்கு?"

"அதை அவரையே கேக்கலாம்." துப்பறிவாளர் போனை எடுத்தார்.

பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். நூலகர் குளிர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பச்சை விளக்கு சிமிட்டுவதைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தங்கை கத்தரிக்கோலைப் பார்த்தார். அப்புறம் நூலகர் கணவரிடம் நேராகத் திரும்பினார். தவறை ஒப்புக்கொள்ளவும் முதுகை நிமிர்த்திக்கொள்கிறவர்.

"நான்தாங்க எடுத்தேன். உங்களை ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்னுதான். அப்புறம் நீங்க உக்காந்திருந்த விதத்தைப் பாத்து சொல்ல வாய் வரலை. தினமும் சொல்லிடணும்னு நினைச்சேன். தப்புதான்."

லிஃப்ட் மெக்கானிக் செருப்பு நுனியால் தரையில் கிடந்த ஒரு இலையை நகர்த்தினார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீதான்னு. புதன்கிழமையே."



"புதன்கிழமையேவா?" நூலகரின் குரல் ஒவ்வொரு படியாக ஏறியது. "அப்போ அஞ்சு நாளா நான் உங்க பக்கத்துல உக்காந்து, சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு கெஞ்சி, முதுகைத் தடவிக் கொடுத்து, குளிச்சுட்டு வாங்கன்னு வெந்நீர் வச்சுக் கொடுத்து…"

"அதுதான்." அவர் இன்னும் தரையைத்தான் பார்த்தார். "நீ பக்கத்துல உக்காந்தே. நாம ரெண்டு பேரும் சும்மா உக்காந்து எத்தனை வருஷமாச்சு? சொல்லிட்டா எழுந்து போயிடுவியேன்னு இருந்துது. அப்புறம் காலைல ஒன்பது மணி வரைக்கும் தூங்கினேன். ஒன்பது மணின்னா வெயில் எப்படி இருக்கும்னே மறந்து போச்சு எனக்கு. பெட்டி இல்லன்னா கொஞ்சம் பேரு போன் பண்ணாம விட்டுடறாங்க. பெட்டி ஓடுது, ஆனா என்கிட்ட இல்ல. இதைவிட என்ன வேணும்? பத்திரமா இருக்கட்டும்னு உறை மட்டும் போட்டுட்டு வந்தேன்."

"நான் திருடினேன்னு தெரிஞ்சும் என்னை அஞ்சு நாள் அழ விட்டிருக்கீங்க!"

"நீ திருடினேம்மா!"

"அதை இப்போ ஏன் பேசறீங்க?"

திருடியவர் பறிகொடுத்தவரை அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார். பறிகொடுத்தவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். துப்பறிவாளரும் ரேடியோவும் கடை வாசலுக்கு வந்து, வாளிகளில் இருந்த பூக்களின் பெயர்களை மிகுந்த அக்கறையோடு படித்தார்கள். கடைசியில் உள்ளேயிருந்து கேட்டது நூலகரின் சிரிப்பு. ஆரம்பிக்கிறபோது சிரிப்பு என்று அதற்கே தெரியாத மாதிரி ஆரம்பித்தது.

துப்பறிவாளர் தலைவருக்குப் போன் செய்தார்.

"கவனிக்கவும்" என்றது அந்தப் பக்கம். "குற்றவாளி அகப்பட்டாரா?"

"பெட்டி கிடைச்சுது. நல்லா ஓடிட்டிருக்கு. இனிமே வால்நட்சத்திரம்னு ஒருத்தர் அதைப் பாத்துப்பார். உங்க சங்கத்துலயே அதிகமாப் பெட்டியை நேசிக்கறவர் அவர்தான். நான் உத்தரவாதம்."

"அது இருக்கட்டும். குற்றவாளியின் பெயர்?"

"பெயர் சொன்னா லிஃப்ட்காரர் சங்கத்தை விட்டுப் போயிடுவார். பெட்டி ரிப்பேரானா யாரு பாப்பா? நீங்க பாப்பீங்களா?"

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அறிவிப்பாளர் தாமதித்தார்.

"இன்னொரு விஷயம்" என்றார் துப்பறிவாளர். "லிஃப்ட்காரர் ஒரு மாசம் லீவு. உறுப்பினர்கள் போன் எல்லாம் இனிமே உங்க நம்பருக்கு வரும். தெளிவான குரல்ல பதில் சொல்ல உங்களைவிட்டா ஆள் இல்ல. ஏற்கெனவே எல்லாருக்கும் எழுதிப் போட்டாச்சு."

"எல்லா நேரத்திலுமா?"

"உலகம் உருண்டைதானே தலைவரே."

தலைவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சங்கத்தின் கோப்பில் வைக்க, பொருளைப் பறிகொடுத்தவர் கைப்படக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்: பொருள் கிடைத்துவிட்டது, யார் மீதும் புகார் இல்லை என்று. அது இல்லாமல் கேஸை முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. எந்தச் சட்டம் என்று அவர் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணி ரயில். கடிதத்தோடு ரேடியோ பிளாட்பாரத்தில் ஓடினாள். நாலாவது பெட்டியின் ஜன்னலோரம் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். ரயில் இன்னும் நகரவே இல்லை. அவர் தலையைக் கம்பியில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் குழந்தைக்கு வாங்கிய ஒரு துணிப் பந்து. பக்கத்தில் நூலகர் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒரே ஒரு கையெழுத்து. அவரைக் கொஞ்சம் எழுப்பறீங்களா?"

நூலகர் புத்தகத்தைத் தாழ்த்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தத்தை அடக்கிய பார்வை. ரேடியோ ஒரு அடி பின்னால் போனாள்.

"பேனா இருக்கா?"

ஜன்னல் வழியாகக் கடிதத்தை வாங்கிப் படித்தார். புத்தகத்தின் மேல் வைத்து, கணவரின் கையெழுத்தைச் சுத்தமாக, கொக்கியோடு, புள்ளியோடு போட்டார்.

"அம்மா, இது சரியா? எடுத்தது நீங்க. கிடைச்சுதுன்னு கையெழுத்தும் நீங்களே போட்டா…"

"அவருக்கு முப்பத்தொரு வருஷமா நான்தான் போடறேன்" என்றார் நூலகர். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். "அவர் போட்டாத்தான் சந்தேகப்படுவாங்க."

ரயில் நகர்ந்தது. லிஃப்ட் மெக்கானிக் அப்போதும் விழிக்கவில்லை.